தேனீ கொட்டிவிட்டதா? சுண்ணாம்பைத் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

யாரையாவது தேனீ கொட்டினால் போதும், வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஒருவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு எடுப்பார். இன்னொருவர் வெங்காயம் நறுக்கப் போவார். சாவிக்கொத்தை வைத்துத் தேய்க்கச் சொல்லி வாசலிலிருந்து ஒரு குரல் வரும். எல்லாரும் திரும்பி வருவதற்குள், தோலுக்குள் போக வேண்டிய விஷம் எல்லாம் போய் முடிந்திருக்கும். கைவைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் முறை வரும்வரை காத்திருக்கட்டும், அவ்வளவுதான்.

படி 1: அந்த இடத்தை விட்டு நகருங்கள்

தேனீ கொட்டும்போது ஒரு வாசனையையும் விட்டுச் செல்கிறது. கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. மற்ற தேனீக்களுக்கு அது "இங்கே வா, இவனைக் கொட்டு" என்ற அழைப்பு. அதனால் கூடு பக்கத்தில் இருந்தால் அங்கேயே நின்று கையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நகர்ந்துகொண்டே கொடுக்கை வழித்துவிடலாம்.

மலைத்தேனீ என்றால் ஓடத்தான் வேண்டும். பாறையிலும் கோயில் கோபுரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் முறம் முறமாகத் தொங்குமே, அந்தப் பெரிய கூடு. வேட்டுச் சத்தத்திலோ புகையிலோ கலைந்தால் வெகுதூரம் துரத்தி வரும். துண்டாலோ முந்தானையாலோ முகத்தை மூடிக்கொண்டு, வீடோ காரோ எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம். மூச்செடுக்கத் தலையை வெளியே நீட்டத்தானே வேண்டும், அதுவரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 2: கொடுக்கை எடுங்கள், எப்படியாவது

கொட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். சின்னச் சிலாம்பு மாதிரி கறுப்பாக ஒன்று நிற்கும். அதன் நுனியில் வெளிறிய சிறு பை. தேனீ பறந்து போன பிறகும் அந்தப் பை சுருங்கி விரிந்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் 20 விநாடிக்குள் பெரும்பகுதி இறங்கிவிடும், ஒரு நிமிடத்தில் பை காலி.

"கிள்ளி எடுக்காதே, பை நசுங்கி விஷம் முழுவதும் ஏறிவிடும், ஏடிஎம் கார்டால் வழித்து எடு" என்று பலரும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், கையில் தேனீயைக் கொட்டவைத்து, கிள்ளியும் வழித்தும் எடுத்துப் பார்த்து, தடிப்பை அளந்தார்கள். எப்படி எடுத்தாலும் தடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு தாமதமாக எடுத்தார்களோ அவ்வளவு பெரிதாக வீங்கியது. ஆக, கார்டைத் தேடிப் பர்ஸைத் துழாவும் நேரம்தான் நஷ்டம். நகமே போதும், வழித்துவிடுங்கள்.

கொடுக்கு எதுவும் தென்படவில்லையா? கொட்டியது குளவியாக இருக்கலாம், கடந்தையாக இருக்கலாம். டெல்டா பக்கம் கதண்டு என்பார்களே, அதுதான். இவை கொடுக்கை விட்டுப் போகாது, ஒன்றே பல தடவை கொட்டும். இல்லாத கொடுக்கைத் தேடி ஊசியால் கிண்ட வேண்டாம்.

படி 3: கொட்டிய இடத்தை விட்டுவிட்டு, ஆளைப் பாருங்கள்

எல்லாரும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகத்தையும் மூச்சையும் யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும். தேனீ விஷம் ஒவ்வாதவருக்கு ஒரே கொட்டில் உயிர் போகலாம். பெரும்பாலும் முதல் அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

கையில் கொட்டியிருக்க, வயிற்றிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகத் தடிக்கிறதா? உதடோ நாக்கோ வீங்குகிறதா? குரல் கம்முகிறதா, மூச்சில் விசில் சத்தம் வருகிறதா? வாந்தி, தலைச்சுற்றல், கண் இருட்டல்? இதில் ஏதாவது இருந்தால் வைத்தியம் பேசி நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நடக்கவிடக் கூடாது. இந்த நிலைக்கு மருந்து அட்ரினலின் ஊசிதான். அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் (ஜூஸ் டம்ளரில் விழுந்த தேனீயைப் பார்க்காமல் குடித்துவிடுவது உண்டு), கண்ணில் கொட்டினாலும், அலர்ஜி இல்லாவிட்டாலும் நேரே மருத்துவமனைதான். கண்ணில் எந்தச் சாறும் விடக் கூடாது.

பத்துப் பன்னிரண்டு கொட்டுக்கு மேல் வாங்கியிருந்தால், ஆள் தெம்பாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைக்கும் வயதானவருக்கும் அதைவிடக் குறைவாக இருந்தால்கூடக் காட்டுவது நல்லது. நிறைய கொட்டு வாங்கியவருக்கு விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அது உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும்போதுதான் தெரியும்.

படி 4: கழுவி, கழற்றி, குளிரவைக்கவும்

மேலே சொன்ன எதுவும் இல்லை, வெறும் வலியும் வீக்கமும்தானா? நல்லது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் அப்போதே கழற்றிவிடுங்கள். காலில் என்றால் மெட்டி. வீங்கிய பிறகு மெட்டியை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

அப்புறம் ஐஸ். துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள், எடுங்கள், மறுபடி வையுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். வலிக்குப் பாராசிட்டமால். அரிப்புக்குப் பெரியவர்கள் செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போடலாம், தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்ட வேண்டாம். குழந்தைக்கு என்ன அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: இப்போது கைவைத்தியம்

முதலில் சுண்ணாம்பு. தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்பது கணக்கு. பள்ளிக்கூடத்து அமில-காரப் பாடம் வேறு இதற்குத் துணை நிற்கிறது. ஆனால் வலியைக் கிளப்புவது வெறும் அமிலம் இல்லை. மெலிட்டின் என்ற புரதத்துண்டு. உலர்ந்த விஷத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். அதுவும் ஊசி போட்டதுபோலத் தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது. மேலே பூசுகிற எதுவும் அங்கே போய் அதை முறிக்காது. சுண்ணாம்பால் தோல் வெந்துபோகும், அவ்வளவுதான். முகத்தில் தடவிக் கண்ணுக்குள் போனால் பார்வைக்கே ஆபத்து. என்னைக் கேட்டால் சுண்ணாம்பு வெற்றிலையோடு இருக்கட்டும்.

சோடா உப்பு, புளிக்கரைசல், வெங்காயச் சாறு: இவற்றால் விஷம் முறியும் என்று நம்ப வேண்டாம். கீறல் இல்லாத தோலில் சிறிது நேரம் தடவினால் பெரிய கெடுதலும் இல்லை. சோற்றுக்கற்றாழையை எனக்குப் பிடிக்கும். மடலைச் சீவி, மஞ்சளாக வடிகிற பாலைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் சதையை மட்டும் வையுங்கள், குளுமையாக இருக்கும். பற்பசை சில்லென்று இருப்பது அதிலுள்ள மெந்தாலால். மஞ்சளில் ஒரு சிக்கல்: கெட்டியாக அப்பிவிட்டால் அடியில் சிவப்பு பரவுகிறதா என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தும்பைச்சாற்றை விஷக்கடிக்கு நம்பும் ஊர்கள் நிறைய. இலையை நன்றாகக் கழுவி, தோலுக்கு மேலே மட்டும் என்றால் சரி.

இரும்பால் தேய்ப்பதை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ள மனம் வரவில்லை. கத்தியின் முதுகாலோ சாவியாலோ உடனே ஒரு இழுப்பு இழுத்தால் கொடுக்கு சேர்ந்து வந்துவிடுமே! பலன் கிடைத்தது அதனால்தான் இருக்கும் என்பது என் ஊகம். அதற்குப் பிறகும் விடாமல் தேய்ப்பது தோலைப் புண்ணாக்கும்.

சாணமும் மண்ணும் கூடவே கூடாது, ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி அதில்தான் குடியிருக்கிறது. மண்ணெண்ணெய் தோலை எரிக்கும்.

எதைத் தடவினாலும் கேட்கிறதே என்று தோன்றும். ஒன்றுமே தடவாவிட்டாலும் அந்தச் சுள்ளென்ற வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே அடங்கும். கடைசியாக எதைத் தடவினோமோ அதற்குப் பேர் போய்ச் சேர்கிறது.

படி 6: அடுத்த சில நாட்கள்

மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் பதற வேண்டாம். சிலருக்கு இரண்டு நாள் வரை ஏறி, ஒரு வாரத்தில் வடியும். வீக்கத்தின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள். இரண்டு நாள் கழிந்த பிறகும் சிவப்பு கோட்டைத் தாண்டிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போங்கள். சொறியாதீர்கள், நகக்கீறலில்தான் சீழ் பிடிக்கும்.

ஒருமுறை மூச்சுத்திணறல்வரை போய்த் தப்பியவர், தேறியதும் அலர்ஜி மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அடுத்த கொட்டுக்கு என்ன மருந்து கையில் வைத்திருப்பது, தடுப்பு சிகிச்சை உண்டா என்பதை அவர் சொல்வார். மாடியிலோ மரத்திலோ கூடு இருந்தால் தீப்பந்தம் கட்டிக்கொண்டு நீங்களே ஏறாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.