யூவி விளக்கின் கீழே செல்லை வைக்கும் முன்

எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் போன வாரம் தோல் செல்கள் வளர்ந்திருந்த டிஷ்ஷை மூடியோடு அப்படியே யூவி விளக்கின் கீழே வைக்கப் போனார். தடுத்துவிட்டேன். யூவி, அதாவது புற ஊதா ஒளி, அலைநீளம் குறையக் குறைய ஏ, பி, சி என்று மூன்று வகை. மூடியின் பிளாஸ்டிக் யூவி-பியில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும். நான் சேர்ந்த வருடம் செய்ததும் இதேதான். கையுறை, கண்ணுக்குக் காப்பு எல்லாம் முதல் நாளே சொல்லித்தந்துவிடுவார்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

சிவப்பு மீடியத்தோடு ஒளி காட்டுவது

மீடியம் என்பது செல்களை வளர்க்கும் திரவம். அதன் நிறமும் அதில் கலந்த சீரமும் யூவி-பியை வாங்கிக்கொள்ளும். அதிலுள்ள ரைபோபிளேவின் என்ற வைட்டமின்மேல் யூவி-ஏ பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அப்புறம் செல் செத்தது ஒளியாலா, பெராக்சைடாலா என்று பிரிக்கவே முடியாது. மீடியத்தை எடுத்துவிட்டு, பஃபர் என்ற உப்புக் கரைசலை மெல்லிசாக ஊற்றி ஒளி காட்டுங்கள்.

விளக்கு வெளிச்சத்தை வெயில் என்று எடுத்துக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கிருமி கொல்லும் விளக்கின் ஒளி 254 நானோமீட்டர், அதாவது யூவி-சி. வெயிலில் வரும் யூவி-சியை மேலேயே ஓசோனும் ஆக்சிஜனும் தடுத்துவிடுகின்றன, தரைக்கு வருவதில்லை. ஆனால் அந்த ஒளியை டிஎன்ஏ நன்றாக உறிஞ்சும், சேதம் பளிச்சென்று தெரியும். உடனே 'வெயில் சேதம்' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள்.

சரி, யூவி-பி ட்யூப் வாங்கினால் தீர்ந்ததா? அப்படித்தான் நானும் நினைத்தேன். அதிலும் 290 நானோமீட்டருக்குக் கீழே கொஞ்சம் கசியும். அதைத் தடுக்க செல்லுலோஸ் ட்ரைஅசிடேட் என்ற பிளாஸ்டிக் தாளை இடையில் விரிப்போம். ஒளி பட்டுப் பட்டு அந்தத் தாளும் கெட்டுப்போகும், யூவி-பியை விடும் அளவு குறைந்துகொண்டே வரும். எட்டு மாதம் ஒரே தாளை வைத்திருந்தேன். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஒருநாள் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது. முதல் மாதம் ஆறு நிமிடம், எட்டாம் மாதமும் ஆறு நிமிடம். ஆனால் இரண்டும் ஒரே டோஸ் இல்லை. செல்கள் ஒளியைத் தாங்கப் பழகுகின்றன என்று அதற்குள் நோட்டில் பத்து பக்கம் எழுதியிருந்தேன். அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு தடவையும் விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, மீட்டரைத் தாளுக்குக் கீழே, டிஷ் இருக்கும் அதே உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள். அன்றைய அளவை வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். நோட்டில் நிமிடத்தை மட்டும் எழுதாதீர்கள், சதுர மீட்டருக்கு எத்தனை ஜூல் என்று எழுதுங்கள்.

கன்ட்ரோலை இன்குபேட்டரிலேயே விட்டுவிடுவது

வேண்டாம். கன்ட்ரோல் என்பது ஒப்பிடுவதற்காக ஒளி படாமல் வைக்கும் டிஷ். அதையும் ஃபாயில் சுற்றி, அதே விளக்கின் கீழே வையுங்கள்.

விளக்கை அணைத்ததும் செல்லை எடுத்து முடித்துவிடுவது

யேல் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிராஷ் குழு 2015-இல் காட்டியதைப் படித்த பிறகு என் அட்டவணையையே மாற்றினேன். யூவி பட்டால் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு காரங்கள் (பேஸ் என்ற எழுத்துகள்) ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உள்ள செல்களில், யூவி-ஏ நின்று 3 மணி நேரத்துக்கு மேலும் இருட்டிலேயே இந்தப் பிணைப்பு தொடர்ந்தது. யூவி கிளப்பிவிட்ட சூப்பராக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து மெலனினுக்கு ஆற்றலை ஏற்ற, மெலனின் அதை டிஎன்ஏவுக்குக் கைமாற்றிவிடுகிறது.

அந்த மாணவிக்கும் மெலனோசைட், அதாவது மெலனின் உண்டாக்கும் செல்லில்தான் வேலை. அணைத்த உடனே ஒரு டிஷ், பிறகு மணிக்கு ஒன்றாக நான்கு என்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று புதுத் தாளை அவரே வெட்டி மாட்டி, ஓரத்தில் தேதி எழுதினார்.