பெல்ட்டை நிறுத்திவைத்து எடுத்த படத்தை நம்பாதீர்கள்

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, கேபிளைச் சரியாகச் செருகாதது எல்லாம் பத்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கன்வேயர் பெல்ட்டில் ஓடும் பொருள்களைப் படமெடுத்துச் சோதிக்கும் மெஷின் விஷன் கேமராவுக்குப் புதிதாக வருபவர்கள் மாறி மாறி விழும் குழிகள் வேறு.

எக்ஸ்போஷரைக் கணக்குப் போடாமல் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பெல்ட்டை நிறுத்தி, பொருளைக் கேமராவுக்குக் கீழே வைத்து, படம் பளிச்சென்று வரும்வரை எக்ஸ்போஷரைக் கூட்டுவார்கள். திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். அப்புறம் பெல்ட் ஓடும், எழுத்து இழுபடும்.

எக்ஸ்போஷர் நேரம் முழுக்க ஒவ்வொரு பிக்சலும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதற்குள் பொருள் நகர்ந்தால் ஒரே புள்ளியின் ஒளி பக்கத்துப் பிக்சல்களிலும் விழும். 100 மி.மீ. அகலத்தை 2000 பிக்சல் பார்க்கிறது என்றால் ஒரு பிக்சலுக்கு 0.05 மி.மீ. பெல்ட் வேகம் விநாடிக்கு 500 மி.மீ., எக்ஸ்போஷர் 2 மில்லி விநாடி என்றால் பொருள் 1 மி.மீ. நகர்ந்துவிடும். அதாவது 20 பிக்சல் இழுவை! ஒரு பிக்சலுக்குள் அடக்க வேண்டுமானால் 100 மைக்ரோ விநாடிக்கு மேல் போகக் கூடாது.

பாட்டில் மூடியில் அச்சிட்ட தேதியை வாசிக்கும் ஓர் அமைப்பைப் பார்த்தேன். 3 எல்லாம் 8 ஆகிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் மென்பொருளைத் திட்டிவிட்டு, கடைசியில் அதிக மெகாபிக்சல் கேமரா வாங்கினார்கள். அதில் பிக்சல் இன்னும் சிறியது. அதே நகர்வு இன்னும் அதிகப் பிக்சல்களில் பரவியது. பிக்சலுக்குக் கிடைக்கும் ஒளியும் குறைய, என்ன செய்தார்கள் தெரியுமா? எக்ஸ்போஷரை மறுபடி கூட்டினார்கள்.

சரி, எக்ஸ்போஷரை இருபதில் ஒரு பங்காக்கினால் படம் இருண்டுவிடுமே? இருளும். உடனே கை கெயினுக்குப் போகும். கெயின் புதிதாக ஒளியைக் கொண்டுவராது. வந்த சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். லென்ஸின் துளையைத் திறக்கலாம், ஆனால் ஃபோகஸ் ஆழம் குறையும். உயரம் மாறும் பொருள்கள் மங்கும். எக்ஸ்போஷரோடு ஒரே நேரத்தில் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்குதான் சரியான வழி. எல்இடிக்குத் தொடர்ந்து கொடுக்கும் மின்னோட்டத்தைவிட அதிகமாக, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள், ஒரு நொடித்துளிக்கு மட்டும் கொடுக்கலாம். கேமராவுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை விளக்குக்குத் தள்ளுங்கள்.

ஓடும் பொருளுக்கு ரோலிங் ஷட்டர்

வரிவரியாக எடுப்பதால் சதுரம் சாய்ந்து வரும். எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் கேமரா வாங்குங்கள்.

ஆட்டோ எக்ஸ்போஷர்

நீங்கள் கணக்குப் போட்டு வைத்த எக்ஸ்போஷரைக் கேமரா தானாக மாற்றிவிடும். அணைத்துவிடுங்கள்.

தேவையில்லாத வண்ணம்

வண்ணக் கேமராவில் ஒரு பிக்சல் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துப் போடும் ஊகம். விளிம்பை அளக்கத்தானே போகிறீர்கள்? கறுப்பு வெள்ளை போதும்.

கணினியிலிருந்து ட்ரிகர்

ட்ரிகர் என்பது கேமராவைப் படமெடுக்கச் சொல்லும் கட்டளை. கணினி வேறு வேலையில் இருந்தால் அந்தக் கட்டளை 10 மில்லி விநாடி தள்ளிப் போகலாம். மேலே சொன்ன பெல்ட்டில் அது 5 மி.மீ. தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் ஈடுகட்டிவிடலாம், ஆனால் இது ஒவ்வொரு முறையும் மாறும். பொருளைக் கண்டறியும் சென்சாரிலிருந்து கேமராவின் ட்ரிகர் உள்ளீட்டுக்கு நேராக ஒயர் இழுத்துவிடுங்கள்.