தொட்டபெட்டா ஏறும்போது மூச்சு வாங்குதா?

ஊட்டிக்கு வரும் சொந்தக்காரர்கள் தொட்டபெட்டாவில் நாலு எட்டு வைப்பதற்குள் "என்னப்பா, மூச்சு முட்டுது" என்பார்கள். உயரம் 2,637 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தசை கிடையாது. அதன் அடியில் குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கித் தட்டையாகிக் கீழே இறங்கும். நெஞ்சுக்கூட்டில் இடம் கூடி அழுத்தம் குறையும். காற்று உள்ளே வரும். உதரவிதானம் இறங்கும்போது குடல், இரைப்பையெல்லாம் முன்னே தள்ளப்படுவதால் வயிறு உப்பத்தான் வேண்டும். பெல்ட்டை, சேலைக்கட்டை இறுக்கிக்கொண்டு, போதாததற்கு வயிறு முட்ட பிரியாணியும் சாப்பிட்டால் உதரவிதானம் எங்கே இறங்கும்?

ஏறுமுன் இடுப்பைத் தளர்த்துங்கள். வயிற்றில் கை வைத்து, மூக்கால் இழுக்கும்போது கை முன்னே வருகிறதா பாருங்கள். தோள்பட்டைதான் தூக்குகிறது என்றால் மூச்சு மேலோட்டமாகவே போகிறது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள். இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். ரொம்ப வாங்கினால் நின்று, முட்டியில் கையூன்றிக் கொஞ்சம் குனியுங்கள்.

உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்றால் வியூ பாயிண்ட் கிடக்கட்டும், உடனே டாக்டரிடம் போங்கள்.