கியூசி 'பாஸ்' ஆனால் ரிசல்ட் சரி என்று யார் சொன்னது? கையடக்க ரத்தப் பரிசோதனைக் கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டியூட்டிக்கு வரும் டெக்னீஷியன்களுக்கும் வார்டு நர்ஸ்களுக்கும் கையடக்கக் கருவியில் பயிற்சி கொடுப்பது என் வேலை. நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு பேட்சும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஸ்பிரிட் காய்வதற்குள் விரலில் குத்துவது, காலாவதியான ஸ்ட்ரிப், போதாத துளி எல்லாம் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'பாஸ்' என்பதை ரிசல்ட்டுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். கருவி தானாகவே கியூசி (குவாலிட்டி கன்ட்ரோல், அதாவது தரச் சோதனை) செய்துகொள்ளும் என்று டெமோவில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எதைச் சோதிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

எலெக்ட்ரானிக் கியூசி என்பது, சென்சார் தரும் சிக்னலைப் போன்ற ஒரு மின்சிக்னலைக் கருவிக்குள் செலுத்தி, அதைச் சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது. அதில் சோதிக்கப்படுவது கருவியின் மின்சுற்று மட்டும்தான். ஐ-ஸ்டாட் மாதிரிக் கையடக்கக் கருவிகளில், ரத்தம் விடும் சின்ன பெட்டியான கார்ட்ரிட்ஜைச் செருகியதும் இன்னொரு சோதனையும் நடக்கும். உள்ளிருக்கும் காலிப்ரன்ட் (அளவு முன்பே தெரிந்த) திரவம் சென்சார் மேல் ஓடும். சென்சாரில் கோளாறு இருந்தால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குப் பிறகு உள்ளே வரும் ரத்தத்தை எப்படி எடுத்தார்கள் என்பது கருவிக்குத் தெரியாது.

பச்சிளங்குழந்தை வார்டில் ஒருமுறை குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 7.2 என்று ஆபத்தான அளவில் வந்தது. டாக்டர், இதயத்தைக் காக்கப் போடும் கால்சியம் குளுக்கோனேட் ஊசியை எடுக்கச் சொல்லிவிட்டார். மானிட்டரில் ஈசிஜி அலைகளோ சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன. "சார், காலைல கியூசி பாஸ் சார், பாருங்க" என்று கருவியை என் முகத்துக்கு நேரே நீட்டினார் ரத்தம் எடுத்த பெண். ரத்தம் சரியாக வராததால் குதிகாலைப் பிசைந்து பிசைந்து எடுத்திருக்கிறார். மீதமிருந்த கேபிலரி டியூபை ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஹீமட்டோகிரிட் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்த்தோம். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய பிளாஸ்மா சிவந்து கிடந்தது. வெயினில் எடுத்து லேபுக்கு அனுப்பியதில் 4.6, இயல்பான அளவு.

சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல். அணுக்கள் உடைந்தால் அது அப்படியே வெளியே கொட்டும். லேபில் சீரத்தைப் பிரிப்பதால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். முழு ரத்தத்தை அப்படியே ஏற்கும் பெரும்பாலான கைக்கருவிகளில் அதைப் பார்க்க வழியே இல்லை.

இதைவிடப் பெரிய பாடம் அமெரிக்காவில் நடந்தது. ஜிடிஹெச்-பிகியூகியூ என்ற நொதி முறையில் இயங்கும் குளுக்கோஸ் ஸ்ட்ரிப்புகள், மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸாகவே கணக்கிட்டன. சிறுநீரக நோயாளிகளுக்கு வயிற்றுக்குள் செலுத்தும், ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த பெரிட்டோனியல் டயாலிசிஸ் திரவம் உடலில் மால்டோஸாக உடையும். சர்க்கரை தாழ்ந்து கிடந்தவர்களுக்கும் அதிகம் என்று மீட்டர் காட்ட, இன்சுலின் போட்டார்கள். 1997 முதல் 2009 வரை இப்படிப்பட்ட 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009 ஆகஸ்டில் எச்சரித்தது. கருவியைச் சோதிக்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவத்தில் மால்டோஸ் இருக்காது. எத்தனை முறை ஓட்டினாலும் இந்தத் தவறு அதில் பிடிபடாது.

ஆகவே புது லாட் (தயாரிப்புத் தொகுதி), புது பார்சல் வரும்போதெல்லாம் இரண்டு லெவல் திரவக் கன்ட்ரோல் ஓட்டுங்கள். நோயாளியின் நிலைக்கும் எண்ணுக்கும் பொருத்தம் இல்லையென்றால், கியூசி பக்கத்தைக் காட்டி வாதாடாமல் வெயினில் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள்.

வெளியே எடுத்த தேதியை எழுதாமல் விடுவது

ஐ-ஸ்டாட் கார்ட்ரிட்ஜ்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டால் பல வகைகளுக்கு 14 நாள்தான் ஆயுள். சிலவற்றுக்கு 2 மாதம். பார்கோடில் இருக்கும் காலாவதித் தேதியைக் கருவி படிக்கும். ஆனால் பெட்டி எத்தனை நாளாக மேசைமேல் கிடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? மார்க்கரால் பெட்டியின்மேல் தேதி எழுதுங்கள். மீந்ததைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

எல்லோரும் ஒரே ஐடியில் நுழைவது

கூடவே கூடாது.

உள்ளே வரும்வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது

2 எஸ்டி (சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம்) எல்லையை வைத்தால், எல்லாம் சரியாக இருந்தாலும் 20-ல் ஒன்று வெளியே போகத்தான் செய்யும். அதற்காக, வெளியே போன எண்ணை மறைத்துவிட்டு உள்ளே வந்ததை மட்டும் எழுதலாமா? இரண்டையும் எழுதுங்கள்.

குளுக்கோமீட்டர்தானே என்று விட்டுவிடுவது

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் வீட்டு வாசலிலேயே சர்க்கரை பார்க்கிறார்கள். அந்தச் சின்ன மீட்டருக்கும் கன்ட்ரோல் உண்டு. பாட்டிலைத் திறந்தால் பொதுவாக 3 மாதம். திறந்த தேதியை எழுதுங்கள். கன்ட்ரோல் சரியாக வந்த பிறகும் ரத்தசோகையை மறக்காதீர்கள். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குறைந்தால் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். கன்ட்ரோல் திரவத்தில் சிவப்பணுவே இல்லாததால் அதில் இது தெரியாது.

லேபுடன் தப்பாக ஒப்பிடுவது

ஐ.எஸ்.ஓ. 15197:2013 தரப்படி 100 மி.கி. மற்றும் அதற்கு மேல் உள்ள அளவுகளில் 95 சதவீத முடிவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். லேபும் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று நிற்காதீர்கள். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்துக்கும் வெயின் ரத்தத்துக்கும் இயல்பிலேயே வித்தியாசம் உண்டு, அதனால் வெறும் வயிற்றில் ஒப்பிடுங்கள். சாதாரண டியூபில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும். மதியம்வரை டிரேயில் கிடந்த டியூபை வைத்துக்கொண்டு மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்று புகார் எழுதுகிறார்கள். எடுத்த உடனே லேபுக்குக் கொண்டுபோய், அரை மணி நேரத்துக்குள் பிரித்துவிடச் சொல்லுங்கள்.