கரடி எதிரே வந்தால்: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடத்தில் படித்த கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். கரடியைக் கண்டதும் ஒருவன் மரத்தில் ஏறிவிடுவான். இன்னொருவன் மூச்சை அடக்கிப் பிணம்போல் கிடப்பான். கரடி மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் இதை நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். தேனுக்காக மரமேறிப் பழகியது நம் ஊர்க் கரடி. மண்ணுக்குள் இருக்கும் கரையானையே மோந்து கண்டுபிடிக்கிற மூக்குக்கு, மூச்சை அடக்கிக் கிடந்தால் மட்டும் தெரியாமல் போகுமா?

அது நம்மைத் தின்ன வருவதில்லை. கரையான், எறும்பு, பழம், தேன் இவைதான் அதன் சாப்பாடு. பார்வையும் காதும் அவ்வளவு கூர்மையில்லை. அதனால் ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் திடுக்கிட்டுப் பாய்கிறது, அதுவும் பெரும்பாலும் முகத்தையும் தலையையும் குறிவைத்து. ஆகவே சத்தமில்லாமல் நடப்பதுதான் முதல் தவறு. விடியலில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்குபவர்களைப் பார்க்கிறோம். இடுப்பளவு செடிக்குள் கரடி குனிந்து புற்றைக் கிளறிக்கொண்டிருந்தால் மேலிருந்து ஒன்றும் தெரியாது. நாலு பேராகப் பேசிக்கொண்டே போங்கள். உண்ணிப் புதர் ஓரமாகத் திரும்பும்போது குரலை உயர்த்துங்கள். நாயை அவிழ்த்துவிட்டுக் கூட்டிப் போவதும் ஆபத்துதான். அது குரைத்துச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடி வரும், பின்னாலேயே கரடியும்.

தூரத்தில் கண்டுவிட்டால் ஓடாதீர்கள். அது நம்மைவிட வேகமானது. முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். முதுகில் குட்டி இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். மேலே பாய்ந்தேவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடலாம், தப்பில்லை. கழுத்தும் முகமும் தப்புவதுதான் முக்கியம்.

ஊருக்குள் வந்த கரடியைச் சுற்றிக் கூட்டம் கூடி, மொபைலில் படமெடுத்தபடி அது போகிற வழியையே அடைத்து நிற்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. வழியை விடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்கக்கூட வருகிற பிராணி அது. எண்ணெய் டின், பழுத்து உதிர்ந்த பேரிக்காய், குப்பை எதையும் இரவில் வெளியே விடக்கூடாது.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கரடியின் எந்த இடத்தில் அம்பு விடுவது என்று கேட்கும் இளவட்டங்களும் உண்டு. அங்கே சில நாடுகளில் அனுமதி வாங்கி வேட்டையாடலாம். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது கரடி. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பன்றிக்கு வைக்கிற சுருக்கில் கரடி மாட்டினாலும் வழக்குதான்.

அப்புறம், கீறல் சின்னதுதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். ரத்தம் பீறிட்டால் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசி இதற்கும் வேண்டியிருக்கும்.