கைப்பிடி இல்லாத பழைய பம்பு

களக்காட்டு மலையடிவாரத்தில் மாமாவின் வாழைத்தோட்டம். ஓடையோரம் மணி வடிவில் ஒரு வார்ப்பிரும்புப் பம்பு கிடந்தது. கைப்பிடி இல்லை, பெல்ட் மாட்டச் சக்கரம் இல்லை, பிஸ்டனும் இல்லை. “இது வெறும் டேங்க் அண்ணாச்சி” என்றார் மெக்கானிக்.

துப்புக் கொடுத்தவை குழாய்கள்தான். உள்ளே வருவது பெரியது, மேலே போவது சிறியது. அப்படியானால் ஹைட்ராலிக் ராம்! 1796-இல் பிரான்சில் ஜோசப் மாண்ட்கோல்ஃபியர் உருவாக்கியது. இறங்கி வரும் தண்ணீர் வேகமெடுத்ததும் அது வெளியே வழியும் கழிவு வால்வு அறைந்து மூடும். அந்த அழுத்தத்தில் கொஞ்சம் தண்ணீர் மேலேறும். கரண்டே வேண்டாம், என்ன அருமையான கருவி!

வால்வைக் கையால் சில தடவை அமுக்கிவிட்டதும் ஓடத் தொடங்கியது. ஆனால் நாள் போகப் போகச் சத்தம் கடுமையாகி, குழாயே அதிர்ந்தது. வாஷர் மாற்றினோம், வால்வின் எடையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். பயனில்லை.

மேலே தள்ளும் வால்வுக்குச் சற்றுக் கீழே, ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை. கசிவென்று நினைத்து யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். வால்வு ஒவ்வொரு முறை அறைந்த பிறகும் அதன் வழியாகத்தான் துளிக் காற்று உள்ளே போகும். அது நின்றால் மணி வடிவக் கூட்டுக்குள் இருக்கும் காற்று மெல்லக் கரைந்து, தண்ணீர் நிரம்பிவிடும். அடியைத் தாங்க மெத்தை இருக்காது. எம்-சீலைச் சுரண்டி, மணியிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு ஓட்டினேன். அதிர்வு நின்றது. அந்த ஓட்டை கொஞ்சம் பீச்சத்தான் செய்யும், அடைத்துவிடாதீர்கள்.