பயம் வந்தால் முதலில் மூச்சை வெளியே விடுங்கள்

போன வருசம் கரண்ட் போய், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி லிஃப்டுக்குள் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து லிஃப்ட் கதவு மூடினாலே நெஞ்சு படபடக்கும், விரல் நுனி விறைக்கும், கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. "மூச்சை நல்லா இழுத்து விடு" என்றார்கள். இழுத்தேன், தலைச்சுற்றுத்தான் கூடியது.

காரணம் பிறகுதான் விளங்கியது. பயத்தில் நாம் ஏற்கனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருப்போம், அதனால் இரத்தத்தில் கார்பன் டைஒக்சைட் குறையும், விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதன் வேலை. அந்த நேரத்தில் இன்னும் இழுத்தால்?

ஆகவே முதலில் விடுங்கள். சூடான பிளேன்டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, தோள் தானாக இறங்கும் வரை மெதுவாக. பிறகு மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சும்மா இருக்கும்போது நமக்கு 12 முதல் 20 வரை ஓடும். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும், அதனால்தான் விடுவது நீளம். 6 வராவிட்டால் 3க்கு 5 போதும், எண்ணிக்கைக்காக முக்க வேண்டாம். மூச்சை அடக்கிப் பிடிப்பதும் வேண்டாம்.

மூச்சோடு உடம்பையும் தேட வேண்டும். ஒவ்வொரு முறை விடும்போதும் ஒரு இடம்: செருப்பை அழுத்தும் பெருவிரல், பஸ் கம்பியின் குளிர்ச்சி, கடித்துக்கொண்டிருக்கும் தாடை. தாடையை நான் எப்போதும் கடைசியில்தான் கண்டுபிடிப்பேன்.

பயம் இல்லாத நேரத்தில் பழகினால்தான் பயத்தில் கைகொடுக்கும். பின்னேரத்தில் மெரின் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்து ஐந்து நிமிடம் இருப்பேன், ரயில் தடதடத்துப் போனால் எண்ணிக்கை தப்பும், திரும்ப ஒன்றிலிருந்து. வீட்டில் என்றால் படுத்து, மடித்த துவாயை வயிற்றில் வையுங்கள். துவாய் எழும்ப வேண்டும், நெஞ்சு அல்ல.

ஒன்று, நெஞ்சு வலித்தாலோ வலி கைக்கு இறங்கினாலோ இது பயம்தான் என்று நீங்களே முடிவுகட்டி மூச்சை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். பயம் நாள் கணக்கில் விடாவிட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் கதைக்கலாம்.

எனக்கு நாலாம் மாடிக்குக் கதவு திறந்து மூடுவதையும் சேர்த்து மூன்று மூச்சு ஆகிறது. கையில் சாமான் பை இல்லாத நாளில் இன்னும் படிதான்.